கரைந்த எலும்பு திரும்ப வளருமா? ஈறு அறுவை முறைகளைப் பற்றி

தருமபுரியில் ஈறு நோய் சிகிச்சையை மட்டுமே செய்யும் பல் மருத்துவராக நான் பணியாற்றத் தொடங்கிய நாளிலிருந்து, ஆடும் பல்லோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கரைஞ்சுபோன எலும்பு திரும்ப வளருமாங்க?" சிலருக்கு வளரும், சிலருக்கு வளராது என்பதே நேர்மையான விடை. ஆனால் யாருக்கு, எந்தப் பல்லில், எந்த முறையில் என்று சொல்லாமல் அதை மட்டும் சொல்லி அனுப்பினால் கேட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. அண்மைக் காலமாக இணையத்தில் படித்துவிட்டு, "எலும்புப் பவுடர் வைப்பீங்களா, ஜெல் வைப்பீங்களா, ரத்தத்திலிருந்து எடுத்து வைப்பீங்களா" என்று பொருளின் பெயரோடு கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். உள்ளே எதை வைக்கிறோம் என்பதைவிட, ஈற்றை எப்படித் திறக்கிறோம், எப்படி மூடுகிறோம், மூடிய இடம் எத்தனை நாள் அசையாமல் இருக்கிறது என்பவையே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது இத்தனை ஆண்டு அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியையின் பல்லிலிருந்து தொடங்குவது எளிது. இடது கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கும் அதற்கு முன்னுள்ள பல்லுக்கும் இடையில் அளவுக் கம்பியை மெதுவாக இறக்கினேன். நல்ல ஈற்றில் அந்தக் கம்பி இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டரில் நின்றுவிடும். அவருக்கு அது தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கி எட்டாவது கோட்டில் நின்றது, எடுத்தபோது நுனியில் ரத்தம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஈற்றில் வீக்கமோ சிவப்போ பெரிதாக இல்லை, வலியும் இல்லை. "எப்பவாவது அந்தப் பக்கம் கறித் துண்டு சிக்கிக்கும், அவ்வளவுதாங்க டாக்டர்" என்றார். எக்ஸ்ரேயில் பார்த்தபோது அந்த வேரை ஒட்டினாற்போல, மேலே சற்று அகன்று கீழே கூராகப் போகும் கருநிறப் பிளவு ஒன்று தெரிந்தது. எலும்பு இருக்க வேண்டிய இடம் அது.

அந்தப் பிளவு கூராக இருந்ததுதான் அவருடைய நல்வாய்ப்பு. ஈறு நோயில் எலும்பு இரண்டு விதமாகக் குறைகிறது. ஒன்று, ஏரியில் நீர்மட்டம் இறங்குவதைப் போல எல்லாப் பற்களைச் சுற்றியும் ஒரே சீராக இறங்குவது. மற்றொன்று, ஒரு வேரை ஒட்டி மட்டும் கிணறு தோண்டியதைப் போலக் குழியாவது. முதல் வகையில் இழந்த உயரத்தை மீட்டுத் தரும் நம்பகமான அறுவை இன்றுவரை இல்லை. இரண்டாம் வகையில்தான் மீட்பைப் பற்றிப் பேசவே முடியும். அந்தக் குழியிலும் எத்தனை பக்கத்தில் எலும்புச் சுவர் மிஞ்சியிருக்கிறது என்பது முக்கியம். 1958ஆம் ஆண்டில் கோல்ட்மேன், கோஹன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இந்தக் குழிகளைச் சுவர்களின் எண்ணிக்கையை வைத்து வகைப்படுத்தினார்கள். நாங்கள் இன்றும் அதையே பின்பற்றுகிறோம். மூன்று பக்கமும் சுவர் உள்ள ஒடுங்கிய குழி தானாகவே ரத்தக் கட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தச் சுவர்களிலிருந்தே புதிய செல்களும் வரும். ஒற்றைச் சுவர் மட்டும் மிஞ்சிய குழியில் எதை வைத்தாலும் அது சரிந்து போகும். எக்ஸ்ரேயில் வேருக்கும் குழியின் சுவருக்கும் இடையிலான கோணம் 25 பாகைக்குள் இருந்தால் நல்ல பலனை எதிர்பார்க்கலாம் என்றும், 37 பாகைக்கு மேல் போனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆசிரியைக்கு அந்தக் கோணம் குறுகலாகவே இருந்தது.

எந்த அறுவை முறையை ஒப்பிட்டாலும் அதற்கு அடியில் ஓர் உயிரியல் கருத்து இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும். வேரைத் தாடை எலும்போடு பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய நாரிழைகள். அவற்றின் ஒரு முனை எலும்பில் புதைந்திருக்கும், மறு முனை வேரின் மேலுள்ள சிமெண்டம் என்ற படலத்தில் புதைந்திருக்கும். நோயில் இந்த மூன்றுமே சேர்ந்துதான் அழிகின்றன. ஆகவே குழிக்குள் எலும்பு மட்டும் நிரம்பினால் அது மீட்பு ஆகாது, புதிய சிமெண்டமும் அதில் புதைந்த நாரிழைகளும் சேர்ந்து உருவாக வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்து மூடியதும் வெற்றிடமாகிய வேரின் மேல் யார் முதலில் வந்து குடியேறுகிறார்களோ, அவர்களே அங்கு என்ன உருவாகும் என்பதைத் தீர்மானிக்கிறார்கள் என்று மெல்ச்சர் என்ற ஆய்வாளர் 1976இல் எழுதினார். ஈற்றின் மேல்தோல் செல்கள்தாம் எப்போதும் முந்திக்கொள்ளும். உழுது விட்ட நிலத்தில் ராகி முளைப்பதற்குள் களை முளைத்துவிடுவதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, இதுவும் அப்படித்தான். மேல்தோல் வேர் நெடுகக் கீழே இறங்கிப் படர்ந்துவிட்டால் பாக்கெட், அதாவது ஈற்றுக்கும் வேருக்கும் இடையில் நோயால் விழுந்த பள்ளம், ஆறியதைப் போலத் தோன்றும், ஆனால் பிடிமானம் வெறும் ஒட்டாகவே இருக்கும். எலும்புச் செல்கள் நேரடியாக வேரைத் தொட்டால் பல் எலும்போடு ஒட்டிப்போய் வேர் அரிக்கப்படும் ஆபத்து உண்டு. நாரிழைப் பகுதியிலிருந்து வரும் செல்களுக்கு மட்டுமே மூன்றையும் உருவாக்கும் திறன் இருக்கிறது, ஆனால் அவை மெதுவாகத்தான் வரும். அவை வந்து சேரும்வரை இடத்தைக் காத்து வைப்பதற்காகவே இத்தனை முறைகளும் பிறந்தன.

முதலில் வந்தது தடுப்புச் சவ்வு. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் நைமன், லிண்டே, காரிங் ஆகியோரின் குழு 1982இல் ஒரு நோயாளியின் கீழ் முன்பல்லில் ஆய்வுக்கூடத்தில் பயன்படும் வடிகட்டித் தாளை வேரின்மேல் போர்த்தி ஈற்றை மூடியது. மூன்று மாதம் கழித்து அந்தப் பல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோயுற்றிருந்த வேர்ப்பரப்பின் மேல் புதிய சிமெண்டமும் அதில் புதைந்த நாரிழைகளும் தெரிந்தன. தடுப்புச் சவ்வின் உதவியால் மனிதரிடம் இது நடக்கும் என்பதற்கு அதுவே முதல் சான்று. அதன் பிறகு டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த கரையாத சவ்வுகள் வந்தன. அவற்றை நான்கு முதல் ஆறு வாரத்தில் இன்னோர் அறுவை செய்து எடுக்க வேண்டும். பின்னர் தாமே கரையும் கொலாஜன் சவ்வுகள் வந்து அந்த இரண்டாம் அறுவையைத் தேவையற்றதாக்கின. மீனின் கொலாஜனிலிருந்து சென்னையிலேயே தயாராகும் சவ்வுகளும் இன்று கிடைக்கின்றன.

சவ்வின் பெரிய பலவீனம் அது வெளியே தெரிந்துவிடுவதுதான். நான் மேற்படிப்புப் பயின்ற காலத்தில் எனக்கு நேர்ந்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். ஓர் இளைஞரின் கடைவாய்ப் பல்லில் பழைய முறைப்படி இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள முக்கோண ஈற்றை நட்டநடுவே பிளந்து திறந்தேன், நன்றாகச் சுத்தம் செய்தேன், கரையாத சவ்வைக் கச்சிதமாக வெட்டிப் பொருத்தினேன், தைத்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்தேன். பத்தாம் நாள் அவர் வந்தபோது நான் பிளந்த அதே கோட்டில் ஈறு வாடிச் சுருங்கி, சவ்வின் வெள்ளை விளிம்பு நூலளவுக்கு எட்டிப் பார்த்தது. வாயிலுள்ள கிருமிகள் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டன. மூன்றாம் வாரத்திலேயே சவ்வை எடுக்க வேண்டியதாயிற்று, அதனடியில் உருவாகத் தொடங்கியிருந்த செந்நிறத் திசுவின் பெரும்பகுதி சீழோடு போயிற்று. அந்த இளைஞர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் நம்பிக் கொடுத்த பல்லில், சவ்வைத் தேர்ந்தெடுப்பதில் காட்டிய அக்கறையை நான் கத்தி வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டவில்லை என்பது எனக்குத் தெரியும்.

சவ்வுக்கு மாற்றாக வந்தது எனாமல் புரத ஜெல். குழந்தையின் பல் உருவாகும்போது, எனாமலை உண்டாக்கும் அதே புரதங்கள் வேரின் மேலும் சிறிது படிந்து சிமெண்டம் உருவாவதைத் தூண்டுகின்றன என்ற கருத்தை ஸ்வீடனைச் சேர்ந்த ஹாமர்ஸ்ட்ரோம் 1997இல் முன்வைத்தார். பன்றிக் குட்டிகளின் வளரும் பல்லிலிருந்து அந்தப் புரதங்களைப் பிரித்து ஜெல்லாக்கியதுதான் எம்டோகெயின். வேரைச் சுத்தம் செய்து, வேர்ப்பரப்பின் படிவை நீக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள் ஜெல்லை இரண்டு நிமிடம் பூசிக் கழுவி, ரத்தம் படுவதற்கு முன் இந்த ஜெல்லை வேரின்மேல் இறக்கிவிட்டு ஈற்றை மூட வேண்டும். சவ்வை வெட்டிப் பொருத்தும் சிரமமும் அது வெளியே தெரியும் அச்சமும் இதில் இல்லை. இதன் குறை, ஜெல்லுக்கு உடல் பலம் கிடையாது என்பது. அகன்ற குழியில் மேலுள்ள ஈறு உள்ளே சரிந்துவிடும், அப்போது எலும்புத் துகளையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் நான் மறக்காமல் கவனிக்கிறேன்: இது பன்றியிலிருந்து வருவது, சில எலும்புத் துகள்கள் மாட்டிலிருந்து வருபவை. இதை முன்கூட்டியே சொல்லி, ஏற்பா மறுப்பா என்று கேட்காமல் ஒருவருடைய வாயில் வைப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். மறுத்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, அதையும் சொல்லலாம்.

இந்த இரண்டும் எவ்வளவு பலன் தருகின்றன? வெறுமனே ஈற்றைத் திறந்து சுத்தம் செய்து மூடுவதோடு ஒப்பிட்டு, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள் இருக்கின்றன. சவ்வு வைத்தவர்களுக்குச் சராசரியாக 1.22 மில்லிமீட்டர் கூடுதல் பிடிமானம், அதாவது வேரின்மேல் ஈறு பற்றி நிற்கும் உயரம், கிடைத்ததாக 2006ஆம் ஆண்டின் தொகுப்பும், எனாமல் புரதம் வைத்தவர்களுக்கு 1.1 மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைத்ததாக 2009ஆம் ஆண்டின் தொகுப்பும் சொல்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கா இவ்வளவு செலவு என்று கேட்பது நியாயம்தான். இந்த எண்கள் நல்ல குழி, மோசமான குழி, புகைப்பவர், புகைக்காதவர் எல்லோரையும் கலந்து எடுத்த சராசரி என்பதையும், சாதாரண அறுவையிலும் கிடைக்கும் பலனுக்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது இது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சவ்வுக்கும் ஜெல்லுக்கும் பிடிமானத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை, அறுவைக்குப் பின்னான தொல்லைகள் ஜெல்லில் குறைவு.

எலும்புத் துகள்களைப் பற்றி எனக்குச் சற்றுக் கடுமையான கருத்து உண்டு. நோயாளியின் தாடையிலிருந்தே எடுப்பது, இறந்தவர் உடலிலிருந்து தானமாகப் பெற்றுப் பதப்படுத்தியது, மாட்டெலும்பு, செயற்கை ஹைட்ராக்சிஅபடைட், கண்ணாடி இனத்தைச் சேர்ந்த பயோஆக்டிவ் கிளாஸ் எனப் பல வகை உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி பதப்படுத்திய மனித எலும்பைப் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. சுண்ணம் நீக்கி உறைய வைத்து உலர்த்திய மனித எலும்புத் துகளோடு புதிய சிமெண்டமும் நாரிழையும் உருவாவதை 1989இல் பவர்ஸ் குழுவினர் மனிதப் பற்களிலேயே நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார்கள். செயற்கைத் துகள்களுக்கோ அத்தகைய சான்று மிகக் குறைவு. பெரும்பாலும் அவை நார்த்திசுவுக்குள் பொதிந்து கிடக்க, வேரின் மேல் மேல்தோலே படர்ந்திருக்கும். ஆனால் எக்ஸ்ரேயில் அவை பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அறுவை முடிந்த அன்றே எடுத்த படத்திலும் அதே வெள்ளை இருக்கும். "பாருங்கள், எலும்பு நிரம்பிவிட்டது" என்று அந்தப் படத்தைக் காட்டி நோயாளியை மகிழ்விப்பதை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் அங்கே தெரிவது நாம் கொட்டிய பொருள்தான். துகளை நான் பயன்படுத்துவதுண்டு, அகன்ற குழியில் ஈறு சரியாமல் தாங்கும் தூணாக.

ரத்தத்திலிருந்து எடுப்பதைக் கேட்பவர்களே இப்போது அதிகம். பிரான்ஸைச் சேர்ந்த ஷுக்ரோன் 2001இல் அறிமுகப்படுத்திய பிஆர்எஃப் (தட்டணுக்கள் செறிந்த ஃபைப்ரின்) முறை அது. கையிலிருந்து பத்து மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, உறைவதைத் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காத குழாயில் உடனே சுழற்ற வேண்டும். சுழற்சி நின்றதும் குழாயின் அடியில் சிவப்பணுக்கள், மேலே மஞ்சள் நீர், நடுவே இளமஞ்சள் நிறத்தில் ஒரு திரட்சி இருக்கும். இடுக்கியால் அதைத் தூக்கினால் இளநீர் வழுக்கையைப் போல நழுவும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மெல்ல அழுத்தி நீரை வடித்தால் மடிக்கக்கூடிய ஒரு படலமாகிவிடும். அதில் ஃபைப்ரின் வலையும் தட்டணுக்களும் அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளும் இருக்கின்றன. செலவு குறைவு, சொந்த ரத்தம் என்பதால் மனத்தடை இல்லை, நம் நாட்டுக் கல்லூரிகளிலிருந்தே இதைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. குழியை வெறுமனே சுத்தம் செய்து மூடுவதைவிட இதை வைத்தால் பலன் கூடுகிறது என்பதை அவை பொதுவாகக் காட்டுகின்றன. ஆனால் ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும் இந்தப் படலத்தைக் கொலாஜன் சவ்வுக்கு ஈடான தடுப்பு என்று சொல்ல முடியாது. விலை உயர்ந்த ஜெல்லை வாங்க இயலாத நோயாளிக்கு, அதிலும் புண் விரைவாக மூட வேண்டிய இடத்தில், நான் இதைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஆய்வுக்கூடத்தில் தயாராகும் வளர்ச்சிக் காரணிகளும் உண்டு: அமெரிக்காவில் 2005இலும் ஜப்பானில் 2016இலும் அவ்வகை மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. நம் பகுதி நோயாளிக்கு எட்டும் தொலைவில் அவை இல்லை.

இனி, திறக்கும் முறைக்கு வருகிறேன். இந்தப் பதிவின் சாரமே இதுதான். பழைய அறுவைகளில் பல்லிடை ஈற்றை நடுவே பிளந்து இரு பக்கமும் மடலாக விரிப்பார்கள். பார்வை நன்றாகக் கிடைக்கும், ஆனால் குழிக்கு நேர் மேலேயே தையல் விழும், அந்த இடத்தில்தான் ஈறு வாடிப் பிரியும். 1985இல் டாக்கெய் என்ற பல் மருத்துவர் பல்லிடை ஈற்றை வெட்டாமல் முழுதாக ஒரு பக்கம் தள்ளும் வழியைக் காட்டினார். இத்தாலியின் கோர்டெல்லினியும் டொனெட்டியும் அதை மேலும் மேலும் நுட்பமாக்கினார்கள். 1995இல் அவர்கள் சொன்ன முறையில், கன்னப் பக்கம் ஈற்றின் அடியில் குறுக்கே கீறி, முக்கோணத்தை அப்படியே நாக்குப் பக்கம் தூக்கிவிட வேண்டும், இது பற்களின் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஏற்றது. இடைவெளி அதற்குக் குறைவாக இருந்தால் 1999இல் சொன்ன சாய்வுக் கீறல். 2007இல் அதே கீறல்களை இரண்டு பற்களுக்குள் சுருக்கி, உருப்பெருக்கியின் கீழ் மிகச் சிறிய கருவிகளால் செய்யும் முறை வந்தது. 2009இல் இன்னும் ஒரு படி போனார்கள்: கன்னப் பக்கம் மட்டும் ஒரு சிறு சன்னலைத் திறந்து, பல்லிடை ஈற்றைத் தூக்காமலே, அதை வேரோடு பிணைக்கும் மேல்நார்களை அறுக்காமலே, அதனடியிலிருந்து நோயுற்ற சதையைச் சுரண்டி எடுத்துவிடுவது. வீட்டின் கூரையைப் பிரிக்காமல் பக்கவாட்டுச் சன்னல் வழியாக உள்ளே பெருக்குவதைப் போன்றது அது. கூரை அப்படியே நிற்பதால் கீழே ரத்தக் கட்டி அசையாமல் இருக்கும், அசையாத ரத்தக் கட்டியில்தான் செல்கள் ஏறி வளரும்.

இந்தக் கடைசி முறையை வைத்து அவர்களே 2011இல் வெளியிட்ட ஆய்வு என் மருத்துவப் பழக்கத்தையே மாற்றியது. 45 நோயாளிகளை 15 பேர் வீதம் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சன்னல் வழியாகச் சுத்தம் செய்து எதையும் வைக்காமல் மூடினார்கள், இன்னொரு குழுவுக்கு எனாமல் புரதம் வைத்தார்கள், மூன்றாவது குழுவுக்கு எனாமல் புரதமும் மாட்டெலும்புத் துகளும் சேர்த்து வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பிடிமானம் முறையே 4.1, 4.1, 3.7 மில்லிமீட்டர் கூடியிருந்தது. குழுக்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது, செய்தவர்கள் உலகில் மிகத் தேர்ந்த கைகள், ஆகவே இதை வைத்து மற்ற எல்லாவற்றையும் தூக்கி எறிய முடியாது. குழி நாக்குப் பக்கம் சுற்றிப் போயிருந்தால் சன்னல் வழியாக அங்கே எட்டவே முடியாது, அப்போது இரு பக்கமும் திறந்துதான் ஆக வேண்டும், ஈற்றைத் தாங்க ஏதேனும் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எட்டக்கூடிய ஒடுங்கிய குழியில், கூரையைக் காப்பாற்றினால் உள்ளே வைக்கும் பொருளின் பங்கு சுருங்கிவிடுகிறது என்பதை இந்த எண்கள் தெளிவாகவே சொல்கின்றன.

ஆசிரியைக்கு நான் செய்ததும் அதுவே. அவருடைய கணவர் அறுவைக்கு முன் தனியாக வந்து, "செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க டாக்டர். மருந்து எதுவும் வைக்காம விட்டா எலும்பு எப்படிங்க வளரும்?" என்று கேட்டார். அவருக்கு எக்ஸ்ரேயைக் காட்டி, குழியின் சுவர்களைக் காகிதத்தில் வரைந்து, திறந்து பார்த்தபின் தேவைப்பட்டால் மட்டும் வைக்கிறேன் என்று சொன்னேன். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ப் பல்லிடை ஈற்றின் அடியில் எட்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டேன். உள்ளே மூன்று பக்கமும் சுவர் இருந்தது. சிவந்து தொளதொளத்த சதையைச் சிறு கத்தியால் அரிந்து எடுத்து, வேரில் கரும்பாறையைப் போல இறுகிப் படிந்திருந்த பல்காரைத் துணுக்குகளை அல்ட்ராசானிக் முனையால் தட்டி எடுத்ததும், குழி அடியிலிருந்து புது ரத்தம் ஊறி மேலே நிறைந்தது. ஒரே ஒரு தையல், முடியைப் போன்ற 6-0 இழை. ஈற்றின் இரு விளிம்புகளும் இழுவிசையின்றி ஒன்றையொன்று தொட்டன, எதையும் வைக்கவில்லை. ஓராண்டு முடிந்து அளந்தபோது பாக்கெட் மூன்றரைக்கு வந்திருந்தது, எக்ஸ்ரேயில் அந்தக் கூரிய பிளவின் அடிப்பகுதி எலும்பின் சன்னமான வரிகளோடு மூடியிருந்தது.

அந்த ஒரு தையலுக்கு முன் ஐந்து மாத வேலை இருந்ததை இங்கே விட்டுவிடக் கூடாது. முதலில் வந்தபோது அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 8.9. அந்த நிலையில் எந்தக் கீறலும் போட மாட்டேன் என்று சொல்லி, சர்க்கரை மருத்துவரிடம் அனுப்பினேன். அதோடு வாய் முழுவதும் வேர்வரை சுத்தம் செய்து, பல்லிடைத் தூரிகையைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, மூன்று மாதம் காத்திருந்து மறுபடியும் அளந்தேன். பல இடங்களில் பாக்கெட் அறுவையே இல்லாமல் மூடியிருந்தது, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏழு நின்றது. ஐரோப்பிய ஈறு நோய்க் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையைத்தான் வலியுறுத்துகிறது: சுத்தமும் பழக்கமும் முதலில், மறு அளவீடு அடுத்து, அதன் பிறகும் மிஞ்சும் ஆழமான பாக்கெட்டில் எலும்புக் குழி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மீட்பு அறுவை. வந்த அன்றே அறுவைக்கு நாள் குறிக்கும் இடத்தில் நோயாளி இந்தக் கேள்வியைக் கேட்கலாம்: "முதலில் சுத்தம் செய்து பார்த்துவிட்டு மறுபடி அளப்பீர்களா?"

முடியாது என்று சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு தக்காளி விவசாயிக்கு வாய் முழுவதும் எலும்பு ஒரே சீராகப் பாதிக்கு இறங்கியிருந்தது. இரண்டு கடைவாய்ப் பற்களில் வேர்கள் பிரியும் கவட்டைக்குள் அளவுக் கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வந்தது. கவட்டை ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் நிலையில், குறிப்பாகக் கீழ்க் கடைவாய்ப் பற்களில், மீட்பு அறுவை பலன் தரும். ஊடுருவித் திறந்துவிட்ட நிலையில் தராது. அதோடு அவர் நாளெல்லாம் கன்னத்தில் புகையிலை அடக்கி வைப்பவர். "நம்ம தண்ணியே அப்படிங்க டாக்டர், எங்க அப்பாவுக்கும் இதே மாதிரிதான் பல்லு போச்சு" என்றார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வருவதற்கு முன், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை அவருடையது, அவருடைய பற்களிலும் அந்தப் பழுப்புக் கோடுகள் இருந்தன. ஆனால் பல்லில் உள்ள கறையும் எலும்பு கரைவதும் வேறு வேறு. கறையைச் சிறு வயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் ஈறு நோயையும் தண்ணீரின் கணக்கில் எழுதிவிட்டு, சிகிச்சைக்குரிய ஆண்டுகளை நம் மக்கள் இழந்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய மன வருத்தம். ஃபுளோரைடு ஏறிய வேர்ப்பரப்பு எப்படி ஆறுகிறது என்பதைப் பக்கத்து மாநிலத்தின் தாவணகெரேயில் ஆராய்ந்து வருகிறார்கள். நம் மாவட்டப் பற்களிலும் அத்தகைய ஆய்வு நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விவசாயிக்கு அறுவை செய்யவில்லை. புகையிலையை நிறுத்தச் சொல்லி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து, ஆடிய முன்பற்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ஊடுருவித் திறந்த இரண்டு பற்களில் ஒன்று இன்னும் அவருக்குப் பயன்படுகிறது.

அறுவை முடிந்து வீட்டுக்குப் போனபின் நடப்பதில் பாதி வெற்றி இருக்கிறது. தைத்த பக்கத்தில் சில வாரங்களுக்குத் தூரிகை படக் கூடாது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மட்டும்தான். உதட்டையும் கன்னத்தையும் இழுத்துக் கண்ணாடியில் பார்க்கவே கூடாது, உள்ளே உள்ள ரத்தக் கட்டி அசைந்துவிடும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் மகிழ்ச்சியோடு சொல்வது ராகிக் களியை. ஆறவைத்து, காரம் குறைத்த கீரைக் கடைசலில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கலாம், ரொட்டியையும் பிஸ்கட்டையும் போலத் துணுக்கு சிதறித் தையலில் சிக்காது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் அறுவை நாளன்று சன்னலோரம் தாடையை முட்டிக்கொண்டு தூங்கிப் போகாமல் யாரையாவது துணைக்கு அழைத்து வரச் சொல்கிறேன். ஆறு மாதம் முடிவதற்கு முன் அந்த இடத்தில் அளவுக் கம்பியை நானும் விடுவதில்லை, வேறெந்தப் பல் மருத்துவரையும் விட அனுமதிக்க வேண்டாம் என்று எழுதியே கொடுக்கிறேன்.

அதன் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். 1990களில் நடந்த ஒரு சோதனையின் நோயாளிகளை கோர்டெல்லினி குழுவினர் இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். மீட்பு அறுவை பெற்ற பற்கள், வெறும் சுத்தம் செய்து மூடிய பற்களைவிட, கிடைத்த பிடிமானத்தை நன்றாகக் காத்துக்கொண்டன, மறுபடி நோய் வந்து மறுசிகிச்சைக்கு ஆன செலவும் குறைவாகவே இருந்தது. அந்த இருபது ஆண்டும் அவர்கள் ஒழுங்காக வந்து சுத்தம் செய்துகொண்டவர்கள் என்பதை நான் கணக்கில் முதலில் வைக்கிறேன். இங்கே மாங்காய்ப் பருவத்திலும் அறுவடையிலும் முறை தவறுவது இயல்பு. அதனால் என் உதவியாளர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்கிறார். ஆசிரியைக்கு இந்த மாதம் முறை. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், புதிய சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம்.